சடங்கன்பாடி தரங்கம்பாடி ஆன கதை

தரங்கம்பாடி என்றால் பாடும் அலைகளின் ஊர் என்று பொருள் சொல்லாத சுற்றுலாக் கையேடு இல்லை. அந்தப் பொருளில் குற்றம் காணவும் எளிதில் முடியாது. தரங்கம் என்பது வடசொல்வழி வந்த அலை. பாடி என்பது பாடுவதற்கு ஆகிவரும் என்பதற்கு வானம்பாடி சான்று. வானத்தில் பாடுவது வானம்பாடி என்றால், அலை பாடும் இடம் தரங்கம்பாடி ஆகக்கூடாதா என்று யாரேனும் கேட்டால், இலக்கணம் கற்றவரும் சற்றுத் தயங்கத்தான் வேண்டும். ஆனால் அதே கரையில், சற்றுத் தெற்கே, சந்திரபாடி என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. சந்திரன் பாடுவதில்லை. வாழப்பாடியில் வாழை பாடுவதில்லை. ஆயர்பாடியில் ஆயர் பாடினாலும் ஊர்ப்பெயருக்கும் அந்தப் பாட்டுக்கும் உறவில்லை. படு என்னும் வேரில், தங்குதல், கிடத்தல் என்னும் பொருளை ஒட்டிக் கிளைத்து, முல்லைநிலத்து ஊருக்கும் படை இறங்கிய பாசறைக்கும் பெயராகிப் பின்னர் பொதுவாகக் குடியிருப்பு என்று விரிந்த பாடிதான் இந்தப் பெயர்களின் ஈற்றில் நிற்பது. ஆகவே பாட்டை ஒருபுறம் வைத்துவிட்டு, பாடிக்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பார்ப்போம். சுவையெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

கடலோரத்தில், அலை முன்பகுதியைக் கொண்டுபோனது போக எஞ்சி நின்ற மாசிலாமணிநாதர் கோயில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அங்குள்ள 1305ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஊருக்கு இரண்டு பெயர்கள் தருகிறது: சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம். முன்னது ஊரார் வாயில் இருந்த பெயர், பின்னது அரசன் சூட்டிய பெயர் என்று கொள்வதில் தடையில்லை. கல்வெட்டு வழக்கில் இப்படி இரண்டு பெயர்களை ‘ஆன’ என்னும் ஒரு சிறு சொல் இணைத்து வைக்கும். பெயராய்வு செய்வோர்க்கு அந்த ‘ஆன’ பெரிய கொடை. அது இல்லாவிட்டால் நம் ஊர்களில் பாதியின் பழைய முகம் நமக்குத் தெரிந்திராது.

அரசன் பெயர் நிலைக்கவில்லை. அரசர் சூட்டும் பெயர்களுக்கு இங்கே இரண்டு கதிதான். ஒன்று, அரசோடு மறையும். அல்லது, இராசராசபுரம் தாராசுரம் ஆனதுபோல், சூட்டியவனே வந்து கேட்டாலும் அடையாளம் காணாதபடி ஊரார் நாவில் தேயும். திருச்செந்தூர்ப் பக்கத்துக் குலசேகரன்பட்டினம் தேயாமல் தப்பி, இன்று விண்கல ஏவுதளத்தின் பெயராகச் செய்தித்தாளில் வருகிறது. சோழமண்டலக் கரையில் இருந்த அதன் பெயரொத்த ஊருக்கு அந்த நற்பேறு இல்லை. அங்கே வாழ்ந்தது சடங்கன்பாடி, அதுவும் வேறு உருவில்.

சடங்கன் யார்? ‘சட்’ என்னும் ஆறும் ‘அங்கம்’ என்னும் உறுப்பும் சேர்ந்த வடசொல் சடங்கம். வேதத்தின் ஆறு அங்கங்களையும் கற்றவன் சடங்கன், சடங்கவி. சிட்சை, கற்பம், வியாகரணம், நிருத்தம், சந்தோவிசிதி, சோதிடம் என்னும் அந்த ஆறில், நிருத்தம் என்பது சொல்லின் பிறப்பைத் துருவும் கலை. நாம் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதன் தூரத்து உறவுதான். திருமணச் சடங்கு, பூப்புச் சடங்கு என்று வீடுதோறும் வழங்கும் சடங்கு என்ற சொல்லையும் அகராதியாளர் இந்த ஆறங்கத்தோடே சேர்ப்பர். ஆக, வேதம் கற்ற ஒருவனுக்கோ அவனை ஒத்த குழுவுக்கோ உரிய குடியிருப்பு, சடங்கன்பாடி. இது என் துணிபு அன்று. பெயரின் உறுப்புகள் காட்டும் நேர்வழி.

சடங்கவி என்றதும் பெரியபுராணம் படித்தவர் நெஞ்சு புத்தூருக்குப் போகும். நம்பி ஆரூரருக்கு மகட்கொடை நேர்ந்தவர் புத்தூர்ச் சடங்கவி சிவாசாரியார். அந்த மணப்பந்தலில்தான் முதிய வேதியர் ஒருவர் அடிமை ஓலையோடு வந்து வழக்கிடுகிறார். நம்பி ஓலையைப் பறித்துக் கிழித்துவிட, கிழிந்தது படியோலைதான், மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் வேதியர். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோர் மூல ஓலையை வாங்கிப் படித்த அளவில் நின்றுவிடவில்லை. நம்பியின் பாட்டனார் கைச்சாத்து உள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து ஒக்கிறதா என்று பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இதை எழுதும்போது, பழைய ஓலையைப் பத்திரமாக வைக்கும் இடமும், படி வேறு மூலம் வேறு என்னும் தெளிவும், கையெழுத்தை ஒப்பிடும் முறையும் கேட்போர்க்கு விளக்க வேண்டாத செய்திகளாக இருந்திருக்கின்றன. சோழர் கல்வெட்டுகளில் நிலவிலை எழுதும் இடத்துக்கு ஆவணக்களம் என்றே பெயர் உண்டு. ஆவணக்காப்பகம் என்று இன்று நாம் புதிதாகக் கட்டிய தொடரின் முற்பாதி, அந்தக் களத்திலிருந்து நடந்து வந்தது.

இனி ஒலியைக் கவனிப்போம். சடங்கன் தரங்கம் ஆனது எப்படி? நடுவில் உள்ள டகரம் ரகரமானதை விளக்குவது எளிது. இரண்டு உயிர்களுக்கு இடையே வரும் தமிழ் டகரம் வன்மை குறைந்து, வளைந்த நா மேலண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு விழும் ஒலி. விரைந்து சொன்னால் ரகரத்துக்கு வெகு அருகில் போய்விடும். ‘ன்’ என்பது பகரத்தின்முன் ‘ம்’ ஆவதும் நாவின் இயல்பு. இடர் முதலெழுத்தில் இருக்கிறது. தகரமும் சகரமும் சொல்லின் இடையில் மாறும். பெரிது பெரிசு ஆகும், ஐந்து அஞ்சு ஆகும். ஆனால் அந்த மாற்றம் தகரத்திலிருந்து சகரத்துக்குப் போவது. இங்கே சொல்லின் தலையில், எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. ஒலி மட்டும் இதைச் செய்திராது என்பது என் எண்ணம். பொருள் வந்து கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. சடங்கன் யார் என்பதை ஊர் மறந்தது. எதிரே அலை அடித்துக்கொண்டே இருந்தது. செய்யுள் வழக்கிலிருந்து தரங்கம் என்னும் சொல் அறிமுகமாகியிருந்தது. பொருள் விளங்காத பெயரை விளங்கும் பெயராகத் திருத்திக்கொள்வது எந்த மொழி மாந்தரும் செய்வது. அப்படிப் பார்த்தால் ‘பாடும் அலை’ என்பது பெயரின் பிறப்பு அன்று, இரண்டாம் பிறப்பு. அதைத் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஊரார் நாவும் காதும் சேர்ந்து எழுதிய உரை அது.

இந்த மாற்றம் 1305க்கும் 1620க்கும் இடையில் முடிந்துவிட்டது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து இங்கே காலூன்றிய தென்மார்க்கு நாட்டார் காதில் விழுந்தது தகரத்தில் தொடங்கும் பெயர்தான். நாயக்கர் அவர்கள் அரசன் நான்காம் கிறித்தியானுக்கு விடுத்த மடல், ஓலை வடிவில் அடித்த பொன் தகட்டில் தமிழில் பொறிக்கப்பட்டது, ஒப்பம் தெலுங்கில். அது இன்றும் கோபன்கேகனில் அந்நாட்டு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. ஆண்டவர் மொழி ஒன்று, நாட்டு மொழி ஒன்று, பெற்றவர் மொழி வேறொன்று. இந்த ஊரின் பிற்காலத் தாள்கள் எல்லாவற்றுக்கும் அந்தத் தகடே முன்மாதிரி.

ஐரோப்பியர் வாயில் பெயர் பட்டபாட்டை அச்சுப் பக்கங்களில் நேரே பார்க்கலாம். லூத்தரன் சபைப் போதகர் சீகன்பால்கும் அவர் உடனிருந்தோரும் தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டின் முதற்பகுதி 1714இல் வந்தது. அதன் இலத்தீன் முகப்பில் ஊர்ப்பெயர் ‘திராங்கெபாரியே’ என்று இருக்கிறது. முதல் அசையின் அகரத்தை விழுங்கிவிட்டார்கள், மகரத்தைத் தொலைத்துவிட்டார்கள். அதே முகப்பில் கரையின் பெயர் கோரமண்டலம்; சோழமண்டலத்தின் சகரமும் ழகரமும் என்ன ஆயின என்று அது காட்டுகிறது. எழுத்தின் பெயரோ ‘மலபார் எழுத்து’. தமிழைத்தான் அப்படிக் குறித்தார்கள். மேலைக் கடற்கரையில் இறங்கியவர்கள் கேட்ட பெயர் கீழைக் கடற்கரை மொழிக்கும் ஒட்டிக்கொண்டது. ஊர், கரை, எழுத்து என மூன்று பெயர்கள், மூன்றும் திரிந்தவை, ஒரே பக்கத்தில்! சொல்லன்பர் ஒருவருக்கு அந்த ஒரு தாள் ஒரு மாதத்துக்குப் போதும். இரண்டாண்டு கழித்து, 1716இல், சீகன்பால்கின் தமிழ் இலக்கண நூல் செருமனியின் ஆலெ நகரில் அச்சானபோது, மலபார் போய்த் தமிழே தலைப்பில் ஏறிவிட்டது. ‘தமூலிகா’ என்று, சொல்லின் தலைத் தகரம் மெலிந்து, ழகரம் லகரமாகி.

1738இல் அதே தரங்கம்பாடி அச்சகம் வீரமாமுனிவரின் கொடுந்தமிழ் இலக்கணத்தை வெளியிட்டது. முனிவர் ஏசு சபைத் துறவி. அச்சகமோ அவர் சமயக் கொள்கையோடு ஓயாமல் பூசலிட்டுக்கொண்டிருந்த லூத்தரன் சபையாருடையது. இலக்கணம் என்று வந்தபோது பூசல் ஒதுங்கி நின்றது. அந்த முகப்பில் ஊர்ப்பெயர் ‘திராங்கம்பாரியே’. கவனியுங்கள், மகரம் திரும்பி வந்திருக்கிறது, ககரமும் மெலிந்து தமிழ் ஒலிக்கு அருகில் நிற்கிறது. ஒரே அச்சகம், இருபத்துநான்கு ஆண்டு இடைவெளி, இரண்டு எழுத்துக்கூட்டல்கள். நூலகப் பட்டியல் செய்வோர் இவை இரண்டையும் ஒரே தரப்படுத்திய வடிவத்தில் அடக்கிவிட்டால், தேடுவோர்க்கு வசதி. ஆனால் அச்சுக் கோத்தவர் காதில் ஊர் எப்படி ஒலித்தது என்னும் செய்தி அந்த வசதியில் கரைந்துபோகும்.

ஈற்றில் உள்ள ‘பார்’ எங்கிருந்து வந்தது? பாடியின் டகரத்தை அவர்கள் ரகரமாகக் கேட்டார்கள். கடைசி இகரத்தைக் கழித்தார்கள். சடங்கனைத் தரங்கமாக்கிய அதே நாத்தட்டல் மறுபடியும், இம்முறை அயலார் காதில், வேலை செய்திருக்கிறது. மலபாரில் உள்ள பார் வேறு. மலை என்னும் நம் சொல்லோடு அரபு, பாரசீக வணிகர் சேர்த்த ஈறு அது. நிக்கோபாரில் உள்ள பார் இன்னும் வேறு. இராசேந்திர சோழன் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வரும் தீவுப்பெயரின் வாரம் அது. அந்தத் தீவுகளுக்கு உரிமை கொண்டாடித் தென்மார்க்கு நாட்டார் கப்பல் விட்டதும் இந்தத் தரங்கம்பாடியிலிருந்துதான். பாடி, பார், வாரம் என மூன்று வேறு சொற்கள் ஐரோப்பிய நிலப்படத்தில் ஒரே ஈறாகப் போய்ப் படுத்துக்கொண்டன.

அச்சுக்குத் தாள் வேண்டும். கப்பலில் வரும் தாள் போதவில்லை என்று 1715 வாக்கில் பக்கத்துப் பொறையாற்றில் தாள் ஆலை ஒன்று தொடங்கினார்கள். ஆலெ நகரிலிருந்து வந்த அச்செழுத்துகளோ மிகப் பெரியவை, தாளை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகளை இங்கேயே ஈயத்தில் வார்த்தார்கள். பொறையாறு பழைய பெயர்; நற்றிணையில் பெரியன் என்பவனுக்கு உரிய ஊராகப் பொறையாறு வருகிறது, அது இதுவே என்பது பலர் கொள்கை. சங்கப் பெயர் கொண்ட அந்த ஊரில், ஆலை இருந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர் விழுந்து நிலைத்துவிட்டது. கடுதாசி போர்த்துகீசியம் தந்த சொல். பட்டறை, கம்மியர் தொழிற்களத்துக்கு நம் சொல். ஆலையில் செய்த தாளில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, செய்த இடம் பெயராக எஞ்சியிருக்கிறது. காகிதம் என்று பாரசீக வழிச் சொல் இட்டுப் பெயர் வைத்திருந்தால் அது இசுலாமிய வணிகர் கைமாற்றிய சரக்கின் பெயராக இருந்திருக்கும். கடுதாசி என்று வைத்ததனால் கப்பற்காரர் கதை அதில் ஒட்டிக்கொண்டது.

எல்லை பற்றி இன்னும் சொல்லவில்லை. தரங்கம்பாடி சுவரும் அகழியும் சூழ்ந்த ஒரு நகர். அதைச் சுற்றித் தென்மார்க்கு நாட்டார் வசம் பொறையாறு, தில்லையாடி, ஒழுகைமங்கலம் முதலிய சில ஊர்கள். அவற்றைச் சுற்றித் தஞ்சை நாடு. 1739இல் தெற்கே காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமானது. 1799இல் தஞ்சை ஆட்சி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆக, வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்ட ஓர் உழவர் உச்சிப்பொழுதுக்குள் மூன்று கொடிகளைக் கடக்கலாம். 1845இல் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு, வங்கத்துச் சிராம்பூரோடு சேர்த்து, ஊர் ஆங்கிலக் கும்பினிக்கு விற்கப்பட்டது. காரைக்கால் எல்லை மட்டும் அழியவில்லை. நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் பூவம், புதுச்சேரி ஒன்றியப் பகுதி. வண்டி எண்ணின் தலையெழுத்தும் மதுவின் விலையும் அந்த ஆற்றில்தான் மாறுகின்றன.

எல்லையூரின் வரலாறு எப்போதும் சிதறித்தான் கிடக்கும். ஆண்டவர்கள் போகும்போது தாளைக் கட்டி எடுத்துப் போவார்கள். சிலவற்றை விட்டுப் போவார்கள். தரங்கம்பாடி ஆட்சித் தாள்கள் கோபன்கேகனில் பெரும்பகுதி, சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் ஒரு பகுதி. சபையாரின் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஆலெ நகரின் பிராங்கெ அறநிலையத்தில். 1788 முதல் 1806 வரை ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் தீட்டிய நீர்வண்ணப் படங்கள் ஓசுலோ அருங்காட்சியகத்தில், ஏனெனில் அவர் நார்வேக்காரர். ஊரின் பதினேழாம் நூற்றாண்டு எண்ணெய் ஓவியம் ஒன்று சுவீடனில் சுகோகுலோசுட்டர் மாளிகையில். ஓர் ஊரின் முகத்தைப் பார்க்க நான்கு அயல்நாடுகளின் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. பி. எசு. இராமானுசம் போன்றோர் கோபன்கேகன் காப்பகத்தில் அமர்ந்து, தமிழ்க் குடிகள் எழுதிய ஓலைகளையும் முறையீடுகளையும் படித்து வெளிக்கொணர்ந்தது, அந்தக் கட்டுகளுக்குள் ஆண்டவர் குரல் மட்டும் இல்லை என்பதைக் காட்டிற்று.

பின்னால் வந்தன நிழற்படங்கள். புகைப்படம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதில் புகை எங்கே என்று கேட்டால் விடை சொல்வது கடினம். நிழற்படம் பொருத்தமான ஆக்கம், ஒளிப்படம் அதனினும் துல்லியம். எதைச் சொன்னாலும், பெயராய்வாளனுக்குப் படத்தின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் முதன்மையானது. கோட்டையும் நகரவாயிலும் முன்பக்கம். எடுத்தவரோ வாங்கியவரோ எழுதிய ஊர்ப்பெயர் பின்பக்கம். திராங்கெபார் என்று எழுதியிருந்தால் தென்மார்க்கு, செருமானியக் கை. டிராங்குபார் என்றிருந்தால் ஆங்கிலம். அட்டையில் ஒட்டிய படத்தை அதிலிருந்து பிரித்து, முன்பக்கத்தை மட்டும் மின்படி எடுத்து வைக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அப்படிச் செய்கிறவர்கள் கல்வெட்டில் ‘ஆன’ என்ற சொல்லைச் செதுக்கி எடுத்துவிடுகிறார்கள் என்றே சொல்வேன். காப்பகங்களின் தேடுபெட்டியில் தரங்கம்பாடி என்று மட்டும் தட்டிப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்புவோர்க்கும் ஒரு சொல்: இந்த ஊரைத் தேட அதன் பெயர்கள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். தில்லையாடியையும் பொறையாற்றையும் தேடவும் அப்படியே. அயலார் எழுத்துக்கூட்டலில் அவை இன்னும் கூடுதலாக உருமாறிக் கிடக்கின்றன.

தமிழ் வழக்கு தன் பங்குக்கு இந்தப் பெயரை மேலும் ஒருமுறை மடித்தது. புதுச்சேரி புதுவை ஆனதுபோல, தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல, தரங்கம்பாடி தரங்கை ஆயிற்று. ஐகார ஈற்று மரூஉ ஓர் ஊருக்குக் கிடைப்பது எளிதன்று; புலவரும் சபையாரும் நாள்தோறும் வாயில் புரட்டிய ஊர்களுக்கே அது வாய்க்கும். பாடி போய்விட்டது, அதனோடு பாட்டும் போய்விட்டது; தரங்கம் மட்டும் தன் மகரத்தைக் கொடுத்து ஐகாரத்தை வாங்கிக்கொண்டது. இந்தக் கரையிலேயே 1897இல் வெளியாகி இன்றுவரை பதிப்புக் கண்டுவரும் பெப்ரீசியசு வழி அகராதி என் மேசையில் இருக்கிறது; முகப்பில் ஊர்ப்பெயர் ஆங்கிலக் கூட்டலில். அதை வெளியிட்ட சபையின் வழிவந்த தமிழ் லூத்தரன் திருச்சபைத் தலைவருக்கு 1921 முதல் தரங்கைப் பேராயர் என்று பட்டம். அவர் இருப்பதோ திருச்சிராப்பள்ளியில், தரங்கம்பாடி பெயரையே தாங்கிய ஒரு மாளிகையில், கடலுக்கு நெடுந்தொலைவில், காவிரிக் கரையில்.